குறுக்கே ஒரு கயிறு

சீடன்: ஐயா, பம்மலில் பார்த்த மனையை நான்கு பக்கமும் டேப் பிடித்து அளந்துவிட்டேன். 40, 60, 40, 60 அடி. சரியாக ஒரு கிரவுண்டு, 2400 சதுர அடி.

குரு: பக்கங்களைச் சொன்னாய். மூலைகள்?

சீடன்: நாற்கரத்தின் நான்கு கோணமும் சேர்ந்தால் 360 பாகை. அது எங்கே போய்விடும்?

குரு: எங்கும் போகாது, அதனால்தான் அது உனக்கு இங்கே உதவாது. நான்கு மூங்கில் குச்சிகளை முனைக்கு முனை கட்டி ஒரு பக்கமாகத் தள்ளிப் பார். பக்கம் மாறாது, 360 மாறாது, உள்ளே இருக்கும் நிலம் மட்டும் சுருங்கும். ஒரு மூலை 60 பாகைக்கு மடங்கினால் 2078 சதுர அடிதான். 30 பாகை என்றால் பாதி, 1200.

சீடன்: அப்படியானால் நான் படித்தது பொய்யா?

குரு: மெய்தானப்பா. ஆனால் எல்லா நாற்கரத்துக்கும் பொதுவான மெய். இந்த மண்ணைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. பொதுவைத் தெரிந்துகொண்டதுமே தனியும் தெரிந்துவிட்டதாக மனம் நம்பிவிடுகிறது. சரி, அந்த 360 எப்படி வந்தது?

சீடன்: மூலைவிட்டம் போட்டால் இரண்டு முக்கோணம். ஒவ்வொன்றுக்கும் 180.

குரு: உனக்கு வேண்டியதும் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. மூன்று பக்கம் தெரிந்துவிட்டால் முக்கோணம் அசையாது. நாட்டையே அளந்தவர்களும் முக்கோணத்தைத்தான் நம்பினார்கள். 1802 ஏப்ரலில் நில அளவையாளர் லாம்டன் பம்மலுக்கு வடகிழக்கே பரங்கிமலையருகில் சுமார் ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக விரிந்த வலை பின்னாளில் இமயம் வரை போனது. நம் சர்வேயர்களின் புல வரைபடத்திலும் நிலத்தை முக்கோணங்களாகப் பிரிக்கும் குறுக்குக் கோடுகளைப் பார்க்கலாம்.

சீடன்: கோணல் மனையென்றால் எதிர்ப் பக்கங்களுக்குச் சராசரி எடுத்துப் பெருக்குகிறார்களே?

குரு: செவ்வகம் தவிர எந்த நாற்கரத்திலும் அந்தக் கணக்கு உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும். ஒருமுறைகூட வாங்குகிறவன் பக்கம் சாயாது. ஆயுள் சேமிப்பைப் போட்டு மனை வாங்குகிறவர்கள் இல்லாத நிலத்துக்கும் பணம் கட்டுவதை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை.

சீடன்: நான் என்ன செய்யட்டும்?

குரு: கடைக்கால் போடுமுன் கொத்தனார் மூலைக்கு மூலை கயிறு பிடிப்பாரே, அதையே செய். எதிர்ப் பக்கங்கள் சமம், மூலைவிட்டங்களும் சமம் என்றால் செவ்வகம். உன் மனையில் இரண்டும் 72 அடி ஓர் அங்குலத்தை ஒட்டி வர வேண்டும்.

சீடன்: ஒன்று 87, மற்றது 53 என்று வந்தால்?

குரு: அதுதான் 60 பாகைக்குச் சாய்ந்த இணைகரம். 2078 சதுர அடிக்கு மட்டும் விலை பேசு. பத்திரம் எழுதுமுன் டேப்பைக் குறுக்கே பிடித்துவிடு.