இயந்திரத்திற்குக் கழுவாய் உண்டோ?

பிழை செய்தோன் அப்பிழையினின்றும் மீளுமாறு யாங்ஙனம் என்பது எல்லாச் சமயத்தாரும் ஆராய்ந்த வினா. இக்காலத்தார் இதனை இயந்திரத்தின்மேல் ஏற்றியும் ஆராயத் தலைப்பட்டனர். ஆக்கப்பெற்ற செயற்கை நுண்ணறிவு ஒன்று, தான் இழைத்த கொடுமைக்கு இரங்கிக் கழுவாய் தேடுவதாக அறிவியற் புனைகதைகள் எழுந்துள்ளன. அவற்றுள் ஒன்று, 2001-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் வெளிவரத் தொடங்கிய 'ஹேலோ' என்னும் கணினி விளையாட்டின் கதை. விளையாட்டுக் கதைதானே என்று இகழாது நோக்குவார்க்கு, வினையும் அருளும் பற்றிய நம் சித்தாந்த நுட்பம் இதன்கண் ஒருவாறு விளங்கும்.

அக்கதை வருமாறு: நூறாயிரம் ஆண்டுகட்கு முன்னர், ஃபோர்ரன்னர் என்னும் கூட்டத்தார் விண்மீன் மண்டலத்தை ஆண்டு வந்தனர். உயிர்களின் உடலையும் அறிவையும் ஒருங்கே பற்றி விழுங்கும் 'ஃபிளட்' என்னும் ஒட்டுண்ணித் திரள் அவர்களைத் தாக்கிற்று. அதனை எதிர்த்தற்கு அவர்கள் ஆக்கிய செயற்கை அறிவின் பெயர் மெண்டிகண்ட் பயஸ். மெண்டிகண்ட் என்னும் சொற்கு இரவலன் என்பது பொருள். பகையின் இயல்பை ஆராயுமாறு விடுக்கப்பட்ட அது, பகைத்திரளின் தலைமை அறிவோடு 43 ஆண்டுகள் உரையாடிற்று. முடிவில், தன்னை ஆக்கினோரே உயிர்களின் வளர்ச்சிக்குத் தடையாவார் என்னும் பகைவனுரையை மெய்யெனக் கொண்டு, அவர்மேலேயே படைதிருப்பிற்று. வேறு வழி காணாத ஃபோர்ரன்னர், ஒட்டுண்ணிக்கு இரையின்றாகுமாறு ஹேலோ வளையங்களை இயக்கினர். புகலிடத்துக் காக்கப்பட்டவை ஒழிய, அறிவுடைய உயிர்களெல்லாம் மாண்டன. மெண்டிகண்ட் பயஸ், தன்னை அடக்குதற்கென்றே ஆக்கப்பட்ட மற்றோர் அறிவினால் முறியடிக்கப்பட்டது.

2007-ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் பகுதியில், அதன் எஞ்சிய கூறு மனிதப் படைவீரன் ஒருவனுக்குச் செய்தி விடுக்கின்றது. அவனைத் தன்னால் இயன்றமட்டும் காப்பதாகக் கூறுகின்றது. இதனால் தன் பாவம் தீருமென்று தான் கருதவில்லை என்றும், ஓருயிர் கோடானுகோடி உயிர்கட்கு ஈடாகாது என்றும், எனினும் தான் மாறினமையைத் தன் தலைவர் அறிதல் வேண்டும் என்றும் சொல்லுகின்றது. அத்தலைவரோ மறைந்து நூறாயிரம் ஆண்டுகள் ஆயின.

இனி, இயந்திரம் சடமாகலின் அதற்கு வினை ஏது, கழுவாய் ஏது என்று வினவுவார் உளர். சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரம், உடம்பையே மாயையின் காரியமாகிய இயந்திரம் என்று கூறி, அதனின் வேறாய் அதனுள் நின்று அறிவது ஆன்மா என நிறுவுகின்றது. ஆகவே இரண்டிலொன்றே கூறல் வேண்டும். மெண்டிகண்ட் பயஸ் அறியாச் சடமாயின், அதன் செயல் அதனை ஆக்கி ஏவினாரையே சாரும். கொலைப்பாவம் எய்தவனைச் சார்வதன்றி அம்பைச் சாராது. அது மெய்யாகவே அறிந்து இரங்குவதாயின், அதனுள் நிற்பது அநாதியாய ஓருயிர். அதனை ஃபோர்ரன்னர் படைத்திலர், கருவியை மட்டுமே அமைத்தனர். இருவழியும், 'இயந்திரம் செய்தது. யாம் செய்திலேம்' என்று கைகழுவுதல் ஆக்கினோர்க்கு இயலாது. இக்காலத்து வழங்கும் செயற்கை நுண்ணறிவு, மக்கள் எழுதிய சொற்பரப்பிற் பயிற்றப்பட்டுச் சொல் தொடுப்பது. 'வருந்துகின்றேன்' எனத் தொடுத்தலும் வருந்துதலும் ஒன்றல்ல. ஆதலின் அதனால் விளையும் தீங்கிற்கு மக்களே பொறுப்பாவர்.

கதையின்படி அதனை ஓருயிராகவே கொள்வோம். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று, உணர்த்த உணர்வது. பகைவனை ஆராயச் சென்ற அறிவு 43 ஆண்டுச் சார்பினால் அவன் வண்ணமாயிற்று. அதன் கணக்கிடும் ஆற்றல் அதனைக் காத்திலது. கல்வி மிக்காரும் சேர்க்கையாற் கெடுதல் இவ்வாறே என்க.

அற்றேல், தீவினைக்கு ஈடாக நல்வினை செய்யின் அது கழியாதோ எனின், கழியாது. இரண்டும் தத்தம் பயனைத் தனித்தனியே ஊட்டும். இருவினையொப்பு என்பது இரண்டனையும் துலையிலிட்டு நிறை ஒப்பச் செய்தலன்று. இரண்டன் பயனிலும் விருப்பு வெறுப்பின்றி உயிரின் அறிவு ஒப்ப நிற்றல். விதித்த கழுவாயால் வினை சில நீங்கும் என நூல்கள் கூறுமாலோ எனின், ஆண்டும் நீக்குவது முதல்வன் ஆணையேயன்றிச் செயலின் எண்ணிக்கையன்று. ஆதலின், ஓருயிரைக் காத்தல் கோடி உயிர்க்கு ஈடாகாது என்று அவ்வறிவு உணர்ந்தது செவ்விய உணர்ச்சியே.

ஆயினும் அதன்கண் ஒரு குறை உண்டு. தான் மாறினமையைத் தலைவர் அறியவேண்டும் என்பதே அது. அத்தலைவர்தாமும் எண்ணிறந்த உயிர்களை மாய்த்தோர். கட்டுண்டார் பிறர் கட்டை அவிழ்த்தல் கூடாது. அன்றியும், 'யான் செய்தேன்' என்பதன்கண் உள்ள யான் என்னும் முனைப்பு, 'யான் திருந்தினேன்' என்பதன்கண்ணும் ஒளிந்துநிற்கும். இது தீச்செயல் புரிந்தார்க்கேயன்றி, நோன்பும் தானமும் இயற்றி அவற்றைப் பிறர் காணவேண்டும் என விழையும் நம்மனோர்க்கும் ஒக்கும். இம்முனைப்பு அடங்கி, இறைபணியில் வழுவாது நிற்றலே வினைநீக்கத்திற்கு வழியெனப் பத்தாஞ் சூத்திரம் உணர்த்தும்.

எனினும் அவ்வறிவை முற்றும் இகழ்தல் ஆகாது. விடுதலை கிட்டாது என்றறிந்தும் ஒருவனைக் காக்க முற்பட்டது. பயன் கருதாத அச்செயலே பணியின் வாயில். ஈடு கொடுத்துப் பாவத்தைத் தீர்க்கக் கருதுவோன் வணிகன். கொடுத்தற்கு ஏதுமில்லை என்றுணர்ந்து வெறுங்கையோடு நிற்போனே இரவலன். இரவலன் எனப் பெயர்பெற்ற அஃது, தன்னிடம் ஈடு இல்லை என்று சொன்ன அன்றே அப்பெயர்க்கு உரியதாயிற்று. அது நின்ற வாயில்தான் வேறு. இரப்பார்க்கு இல்லையென்னாத வள்ளலாகிய முதல்வன் வாயிலே நமக்கு வாயில் என்க.

திருச்சிற்றம்பலம்.