செட்டாப் பாக்ஸும் சினமும்

சினம் கொள்ளலாகாது என்று சிறுவர்க்குக் கற்பிப்பது எளிது. நியாயமான குறை ஒன்று நமக்கே நேரும்போது, அதனை எவரிடம் சொல்வது, எந்த அளவுக்குச் சொல்வது, அதில் நம் பங்கு யாது என்று ஆராய்வதுதான் கடினம். இவ்வினாவைப் பெரிய நிகழ்ச்சிகளில் தேட வேண்டியதில்லை. கூடத்தில் தொலைக்காட்சிக்கு அருகே சிறு விளக்கெரிய இருக்கும் செட்டாப் பாக்ஸே போதும்.

அந்தப் பெட்டி வருவதற்கு முன் இருந்த நிலையை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். கறுப்புக் கேபிள் ஒன்று மாடி வழியே வீட்டுக்குள் வரும். அதனைத் தொலைக்காட்சியின் பின்புறம் செருகினால் போதும், அத்தனை அலைவரிசைகளும் வந்துவிடும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள வாடகை அறைகளில், ஓர் இணைப்பையே இரண்டாகவும் நான்காகவும் பிரித்து அறைதோறும் படம் பார்த்தவர்கள் உண்டு. மழை பெய்து கேபிளில் ஈரம் இறங்கினால் படம் புள்ளியடிக்கும். ஆயினும் செய்தி காதில் விழும், முகமும் ஓரளவு தெரியும். புதிய முறையில் படமும் ஒலியும் எண்களாக மாற்றப்பட்டு, சுருக்கப்பட்டு, பூட்டப்பட்டு வருகின்றன. அந்தப் பூட்டைத் திறப்பதே பெட்டியின் வேலை. ஓர் அலைவரிசை சென்ற இடத்தில் பத்துக்கு மேற்பட்டவை செல்லும். படமும் தெளிவாக இருக்கும். ஆனால் சிக்னல் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் படம் கட்டங்கட்டமாக உடைந்து நின்றுவிடும். அதன்பின் ஒன்றுமே இல்லை. மங்கலாகவேனும் கிடைத்துக்கொண்டிருந்தது முற்றிலும் நின்றுபோவதை முதியோர் பலர் இன்றும் ஏற்கவில்லை.

இம்மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. 2003 செப்டம்பர் 1 அன்று சென்னையில் முதன்முறையாகக் கட்டண அலைவரிசைகளுக்குப் பெட்டி தேவை என்ற விதி நடைமுறைக்கு வந்தது. 72 ரூபாயும் வரியும் செலுத்தினால் 30 கட்டணமில்லா அலைவரிசைகள் பெட்டியின்றியே கிடைக்கும் என்பது அன்றைய ஏற்பாடு. 2011-இல் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் திருத்தப்பட்டு, நாடு முழுவதும் படிப்படியாகப் புதிய முறைக்கு மாறவேண்டும் என்றாயிற்று. நான்கு பெருநகரங்களுக்கு 2012 அக்டோபர் 31 என்று நாள் குறிக்கப்பட்டது. சிற்றூர்கள் வரையிலான கடைசிக் கட்டத்துக்கு, தள்ளித் தள்ளி 2017 மார்ச் 31 என்று முடிவாயிற்று. தமிழ்நாட்டிலோ 2011 செப்டம்பரில் புத்துயிர் பெற்ற அரசு கேபிள் நிறுவனம், மாதம் 70 ரூபாய்க்குப் பழைய முறையிலேயே ஒளிபரப்பி வந்தது. அதற்குரிய டிஜிட்டல் உரிமம் 2017 ஏப்ரலில்தான் கிடைத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் விலையில்லாப் பெட்டிகள் வழங்கத் தொடங்கினர். மாதக் கட்டணம் 125 ரூபாயும் வரியும் என்றாயிற்று. 70 ரூபாய் கொடுத்துப் பழகிய கைக்கு 147 ரூபாய் 50 காசு பெருந்தொகையாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்றை நாம் ஊன்றிப் பார்க்கவேண்டும். பழைய முறையில் ஒரு தெருவில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பது கேபிள்காரர் சொல்லும் கணக்கே. ஐந்நூறு வீடுகளில் பணம் வாங்கிவிட்டு நூறு என்று எழுதினாலும் மேலே இருப்பவருக்குத் தெரியாது. புதிய முறையில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் உண்டு. எண்ணிக்கையை மறைக்க இயலாது. கள்ளாமை என்னும் அணுவிரதத்துக்குத் தத்துவார்த்த சூத்திரம் கூறும் ஐந்து அதிசாரங்களுள், களவாடி வந்ததை வாங்கிக்கொள்ளுதலும் அளவைகளைக் கூட்டிக் குறைத்தலும் உள்ளன என்பதை நாம் அறிவோம். குறைத்து எழுதப்பட்ட கணக்கு அளவையில் செய்த குறையே. அதனால் விலை மலிந்ததென்றால், அந்த மலிவை நுகர்ந்தவர் யார்? அறியாமல் நுகர்ந்ததைக் குற்றமென்று நான் சொல்லமாட்டேன். காரணம் தெரிந்தபின்பும் பழைய விலை நம் உரிமை என்று வாதிடுவது வேறு. அது எனக்கு உடன்பாடன்று.

கேபிள்காரர்கள் அனைவரையும் கள்வர் என்று கருதிவிடவும் கூடாது. வேலையில்லா இளைஞர்கள் கடன் வாங்கி, கம்பம் கம்பமாக ஏறித் தாமே கட்டிய தொழில் அது. ஊர்தோறும் அப்படித்தான் வளர்ந்தது.

அவ்வாறாயின் மக்களின் சினத்தில் நியாயமே இல்லையா? உண்டு; நிறையவே உண்டு. ஆனால் அது விலையைப் பற்றியது மட்டுமன்று. ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லித்தந்த விதி, அறிந்ததிலிருந்து அறியாததற்கு மாணவனை அழைத்துச் செல்லவேண்டும் என்பது. இந்த மாற்றத்தில் அவ்விதியை எவரும் பின்பற்றவில்லை. திரையின் அடியில் ஓடும் எழுத்துகளே அறிவிப்பு. ஒரு காலை இருண்ட திரையே பாடம். ரிமோட்டிலும் திரையிலும் ஆங்கிலச் சொற்கள். எழுத்தறியாத பாட்டி எந்தப் பொத்தானை அழுத்துவார்? ஒன்றை மாற்றி அழுத்திவிட்டு, பேரன் பள்ளியிலிருந்து வரும்வரை வெற்றுத்திரை முன் அமர்ந்திருந்த முதியோரை எங்கள் தெருவிலேயே கண்டிருக்கிறேன்.

2019 பிப்ரவரியில் இன்னொரு படி ஏறவேண்டியதாயிற்று. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் புதிய விதிப்படி, 100 அலைவரிசைகள் வரை அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய்க்கு மிகக்கூடாது என்று அப்போது இருந்தது. வரியுடன் 153 ரூபாய் 40 காசு. கட்டண அலைவரிசைகளுக்குத் தனித்தனியே விலை. வேண்டுவதை மட்டும் மக்களே தேர்ந்துகொள்ளலாம். கேட்பதற்கு இதைவிட நேர்மையான ஏற்பாடு இல்லை. வேண்டாததற்குப் பணம் தரவேண்டாம் என்பது நல்ல கொள்கைதானே! ஆனால் நூற்றுக்கணக்கான பெயர்களும் விலைகளும் கொண்ட பட்டியலை நீட்டி, உடனே தேர்ந்தெடு என்றால் அது தேர்வாகுமா, தேர்வுத்தாளாகுமா? தேர்ந்தெடுக்காதவர்களுக்குப் பொருத்தமான ஒரு தொகுப்பை நிறுவனங்களே அமைத்துத் தரலாம் என்று ஆணையம் சொல்லவேண்டி வந்தது. அங்கேதான் சிக்கல் முற்றியது. கும்மிடிப்பூண்டி ஆந்திர எல்லையை அடுத்த ஊர். தமிழும் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் அடுத்தடுத்த வீடுகளில் உள்ளன. தொழிற்சாலைகளுக்கு வந்த ஒடிசா, பீகார் இளைஞர்கள் அடுத்த தெருவில். பிறர் அமைத்த தொகுப்பு இவர்களுள் யாருக்குப் பொருந்தும்? பொருந்தாதவற்றுக்கும் பணம் கட்டி, பொருந்துவதை மேலும் பணம் கொடுத்துச் சேர்த்தவர்கள் பலர்.

ஒருவருடைய நன்மைக்காகச் செய்வதாயினும், அவருக்கு விளங்கும்படி சொல்லி, அவர் இசைவைப் பெற்றுச் செய்தல் கடமை. காலமும் மொழியும் கொடுக்காமல் பெறும் இசைவு இசைவாகாது. மக்கள் கேட்டிருக்க வேண்டியது இதையே. ஆனால் அவர்கள் வாயிலிருந்து வந்தது, "போன மாதம் எழுபது, இந்த மாதம் ஏன் இவ்வளவு?" என்ற ஒரே கேள்வி. அதுவும் யாரிடம்? வாசலில் ரசீதுப் புத்தகத்துடன் நின்ற பையனிடம்.

அந்தப் பையன் சட்டம் இயற்றியவன் அல்லன். விலை குறித்தவனும் அல்லன். 2022 நவம்பரில் மென்பொருள் தடையால் அரசு கேபிளின் பல லட்சம் பெட்டிகள் ஒருசேர நின்றபோதும், ஏச்சு முழுவதையும் கேட்டவர்கள் அவனைப் போன்றவர்களே. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர்மீது பாய்வது சினத்தின் இயல்பு. அதனால் குறை தீர்வதில்லை என்பதோடு, தவறிழைத்தவர் தம்மை எவரும் கேட்கவில்லை என்று நிம்மதியாக இருக்கவும் வழி ஏற்படுகிறது.

பெட்டியைப் பற்றிய ஒரு செய்தியும் உண்டு. விலையில்லாமல் தந்தார்களே தவிர, அது நமக்கு உரிமையாகிவிடவில்லை. வேறு இணைப்புக்கு மாறியவர்களும் ஊரை விட்டுப் போனவர்களும் திருப்பித் தரவேண்டியது. தராமல் தங்கிவிட்ட பெட்டிகளைக் கேட்டு அந்நிறுவனம் அறிவிப்புக் கொடுக்கவேண்டி வந்தது. கேபிள்காரர் கணக்கைக் குறைத்தார் என்று குறைகூறுவோர், தம் பரணையும் ஒருமுறை பார்த்துவிடுவது நலம்.

இப்போது கைபேசியிலேயே எல்லாம் பார்க்கிறார்கள். கேபிளே வேண்டாம் என்று சொல்லும் வீடுகள் பெருகிவிட்டன. ஆயினும் முதியோர் உள்ள வீடுகளில் அந்தக் கறுப்புக் கேபிள் இன்னும் இருக்கிறது. அவர்களுக்கு ஒன்று சொல்வேன். மாதந்தோறும் ரசீது கேட்டு வாங்குங்கள். பெட்டியின் அடியிலுள்ள எண்ணை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். படம் நின்றால் நிறுவனத்தின் புகார் எண்ணுக்குப் பேசி, அவர்கள் தரும் பதிவெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தீராவிடில் அந்நிறுவனத்தின் தொடர்பு அலுவலருக்கு அந்தப் பதிவெண்ணுடன் எழுதுங்கள். எழுத இயலாதவர்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் செய்யலாம். எங்கள் தெருவில் இருவருக்கு நான் எழுதிக் கொடுத்தேன். ஒருவருக்குப் பத்து நாளில் வேறு பெட்டி வந்தது. மற்றவருக்கு இன்னும் பதில் இல்லை, இரண்டாம் முறை எழுதியிருக்கிறோம்.