கடை பூட்டும் வேளையில்

ஹற்றனில் கோச்சி ஏறிக் கொழும்புக்குப் போகும் நம் தோட்டத்து இளைஞர் பலருக்கு வாய்ப்பது சாப்பாட்டுக்கடைக் குசினி வேலைதான். வாசலில் கொத்து ரொட்டி அடிக்கும் ஓசை தாளமாய்க் கேட்கும். உள்ளே வெங்காயம் உரித்துக் கண் எரியும்; எண்ணெய் தெறித்துக் கை கொப்பளிக்கும்; ஈரத்தரையில் நின்று கால் வெடிக்கும். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம் என்கிறது. கடைக்குள்ளேயே படுத்துறங்குபவனுக்கு வேலை முடியும் நேரம் எது?

சாப்பிடும் நாம் சட்டத்தை மீறவில்லை; காசும் கொடுத்துவிடுகிறோம். ஆனால் பூட்டும் வேளையில் நுழைந்து, "இன்னும் ரெண்டு கொத்து போடு தம்பி" என்கிறோமே (நானும் சொல்லியிருக்கிறேன்), அந்த அரை மணி நேரம் யாருடையது? முதலாளி விற்றார், நாம் வாங்கினோம். அடுப்பை அணைத்துவிட்டு நின்ற பையனை இருவருமே கேட்கவில்லை.