எத்தனை என்று கேட்கலாமா?

பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண் ஒருத்தி மருத்துவமனைக்கு வருகிறாள். குளித்துவிடாதே, உடை மாற்றாதே என்று சொல்லியிருப்பார்கள். தரையில் விரித்த காகிதத்தின் மேல் நின்று உடையைக் கழற்றுகிறாள். உதிர்கிற மண்ணும் முடியும் அந்தக் காகிதத்திலேயே விழ வேண்டும். நகத்தடியைச் சுரண்டி எடுக்கிறார்கள், முடியைச் சீவி எடுக்கிறார்கள், பஞ்சுக் குச்சிகளால் உடம்பெங்கும் ஒற்றி எடுக்கிறார்கள். ஒவ்வொன்றையும் தனி உறையில் போட்டு ஒட்டுகிறார்கள். நான்கு மணி நேரம், சில சமயம் ஆறு மணி நேரம். கடைசியில் உறைகள் எல்லாம் ஓர் அட்டைப் பெட்டிக்குள் போகின்றன. அமெரிக்காவில் அதற்கு ‘ரேப் கிட்’ என்று பெயர். 1970களில் சிகாகோவில் மார்ட்டி கோடார்ட் என்ற பெண் பாடுபட்டுக் கொண்டுவந்த ஏற்பாடு அது. பெட்டிக்கு முதலில் வைத்த பெயர் என்னவோ விட்டுல்லோ என்ற காவல் அதிகாரியுடையது.

பெட்டி ஆய்வகத்துக்குப் போயிருக்க வேண்டும். 2009இல் டெட்ராய்ட் காவல்துறையின் கிடங்கு ஒன்றில் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தினர் நுழைந்தபோது, 11,000க்கும் மேற்பட்ட பெட்டிகள் அலமாரிகளில் அடுக்கியபடி இருந்தன. சில 1980களைச் சேர்ந்தவை. டெட்ராய்ட் அடங்கிய வெய்ன் கவுன்டியின் தலைமை அரசு வழக்கறிஞர் கிம் வொர்த்தி பணம் திரட்டி அவற்றைச் சோதிக்க வைத்தார். ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களைத் தாக்கியவர்களாக 800க்கும் அதிகமானோர் அந்த அலமாரிகளிலிருந்து வெளிப்பட்டார்கள்.

டெட்ராய்டில் கதவு தற்செயலாகத் திறந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் தட்டித் திறந்தார்கள். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, பொது ஆவணச் சட்டத்தின்படி மனுப் போட்டுக் கணக்குக் கேட்டது. நம் ஊரில் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு என்போமே, அதுபோல. 2009 மார்ச்சில் வெளியான அறிக்கையில் அந்த வட்டாரத்தில் மட்டும் சோதிக்கப்படாத பெட்டிகள் 12,669. பிறகு ‘யுஎஸ்ஏ டுடே’ நாளிதழும் அதன் கூட்டாளிப் பத்திரிகைகளும் நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காவல்துறைகளின் கணக்கைத் திரட்டி, 2015இல் 70,000 பெட்டிகள் என்று எழுதின. இன்னும் ஆயிரக்கணக்கான காவல்துறைகளின் கணக்கு அதில் சேரவே இல்லை.

மனுப் போடுகிறவர் முதலில் முட்டிக்கொள்வது ஒரு சொல்லில். ‘தேக்கம் எவ்வளவு?’ என்று கேட்டால், தேக்கமே இல்லை என்று பதில் வரக்கூடும். ஆய்வகத்தின் அகராதியில் தேக்கம் என்பது தன் வாசலுக்கு வந்து காத்திருக்கும் பெட்டி மட்டுமே; காவல் கிடங்கை விட்டே கிளம்பாதது அந்தக் கணக்கில் வராது. சொன்னது பொய்யில்லை, ஆனால் கேட்டவர் ஏமாந்து போகிறார். அடுத்த பதில் இன்னும் வசதியானது: ‘அப்படி ஓர் ஆவணம் எங்களிடம் இல்லை.’ இருக்கிற ஆவணத்தைத் தருவதுதான் சட்டக் கடமை, இல்லாததைப் புதிதாக எழுதித் தருவது கடமையில்லை. ஆக, எண்ணாமல் இருந்தாலே போதும், தப்பித்துவிடலாம். பெட்டிகளை அலமாரியில் ஏற்றியதை அசட்டை என்றால், எண்ணாமல் விட்டதைப் பல ஊர்களில் அசட்டை என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது.

காவல்துறைக்கும் நியாயங்கள் உண்டு. பணம் இல்லை, ஒரு பெட்டியைச் சோதிக்கவே ஆயிரம் டாலரும் அதற்கு மேலும் ஆகும். ஆள் யார் என்று தெரிந்த வழக்கில் மரபணு சொல்வதற்கு என்ன இருக்கிறது என்றும் கேட்டார்கள். பணக் கணக்கை ஓரளவு ஏற்கலாம். இரண்டாவதை டெட்ராய்ட் முடிவுகளே உடைத்துவிட்டன. தெரிந்தவன் மேல் வந்த புகாரின் பெட்டியும், முகம் தெரியாதவன் மேல் வந்த புகாரின் பெட்டியும் ஒரே ஆணைக் காட்டின. ஒருத்திக்குத் தெரிந்தவன் இன்னொருத்திக்கு இருட்டில் வந்தவன். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ரெபெக்கா கேம்ப்பெல் குழு பழைய கோப்புகளைப் படித்தபோது பணமும் ஆளும் போதாததோடு வேறொன்றும் கிடைத்தது: புகார் கொடுத்தவளையே சந்தேகித்து எழுதிய குறிப்புகள்.

இந்த இடம் வரை கேட்பவரின் பக்கம் வலுவாகவே நிற்கிறது. ஆனால் மறுபக்கத்தில் அந்தப் பெண் இருக்கிறாள். அவளை யாரும் கேட்கவில்லை.

வழக்கே வேண்டாம், தடயத்தை மட்டும் எடுத்து வையுங்கள் என்று சொன்னவர்கள் உண்டு. புகார் கொடுக்காமலே பரிசோதனை செய்துகொள்ள அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. கிடங்கில் உள்ளதையெல்லாம் உடனே சோதி என்று எழும் கோஷத்தில் இவர்களும் அடித்துச் செல்லப்படுகிறார்கள். சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது இதைவிட மோசம். தன்மேல் நடந்த வன்கொடுமைக்காக ஒரு பெண் கொடுத்த மரபணுவை வைத்தே, பிற்பாடு ஒரு சொத்துக் குற்றத்தில் அவளைக் காவல்துறை கைது செய்தது. 2022இல் விஷயம் வெளியே வந்ததும் அவள்மேல் இருந்த வழக்கு கைவிடப்பட்டது. அந்த வழக்கத்துக்குக் கலிபோர்னியா சட்டமே போட்டுத் தடை விதித்தது.

ஆகவே கேள்வியைப் பிரித்துப் பார்ப்பதே சரி. எத்தனை பெட்டி, எந்த ஆண்டு, ஏன் அனுப்பவில்லை: இந்தக் கணக்கு ஊருக்குச் சொந்தம். அதைக் கேட்க யாருடைய அனுமதியும் வேண்டாம். பெட்டிக்குள் இருப்பது அவளுக்குச் சொந்தம். பெயரோ, தெருவோ, அடையாளம் ஊகிக்கத்தக்க தேதியோ கேட்பவருக்குத் தேவையில்லை. பெரிய நகரத்தில் எண்ணிக்கை யாரையும் காட்டிக் கொடுக்காது. வருடத்துக்கு ஒரே ஒரு பெட்டி பதிவாகும் சிற்றூரில் எண்ணே பெயராகிவிடும். அங்கே பத்து வருடக் கணக்கை ஒன்றாகக் கேட்டு வாங்கலாம். செய்தி கொஞ்சம் மழுங்கும். மழுங்கட்டும்.

அதோடும் முடிவதில்லை. எண்ணிக்கை அம்பலமானால் சோதனை நடக்கும், சோதனை நடந்தால் ஒருநாள் யாரோ அவள் கதவைத் தட்டுவார்கள். பதினைந்து வருடம் கழித்து, கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாத ஒன்றைப் பற்றி, வாசலில் இரண்டு அதிகாரிகள். தலைப்புச் செய்தி போட்டவர் அந்த வாசலில் இருக்கமாட்டார். தட்டுகிறவர் எப்படித் தட்ட வேண்டும், கூட ஆறுதலுக்கு யார் வர வேண்டும் என்பதையும் விடாமல் கேட்டு எழுதாத பத்திரிகை பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது. ஹூஸ்டனில் தட்டுவதோடு நிற்காமல் ஒரு தொலைபேசி இணைப்பையும் வைத்தார்கள். தெரிந்துகொள்ள விரும்பும் பெண் தானே அழைக்கலாம்.

ஐடஹோ மாநிலம் வேறொரு வழியைப் பிடித்தது. அங்கே ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் உண்டு. பரிசோதனை முடிந்ததும் அந்த எண் அவள் கைக்கு வருகிறது. மருத்துவமனையிலா, காவல் நிலையத்திலா, ஆய்வகத்திலா, பெட்டி எங்கே இருக்கிறது என்று இணையத்தில் அவளே பார்த்துக்கொள்ளலாம். பார்க்காமல் அந்தச் சீட்டை மடித்து எங்கேயாவது வைத்துவிடவும் செய்யலாம்.