தன் கை செய்த புண்

பாரிசவாதத்தினின்று உயிர் தப்பியோருட் சிலருக்குக் கிழமைகளோ ஆண்டுகளோ கழிந்தபின் விந்தையானதொரு துன்பம் நேர்வதுண்டு. மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியாகிய நீள்வளைய மையவிழையத்தின் பக்கப்புறம் குருதியோட்டமின்றிச் சிதைவுறுமிடத்து, முகத்தின் ஒரு பாதி நோவுணரும் ஆற்றலை இழக்கலாம். ஜேர்மனிய மருத்துவர் வாலன்பேர்க் 1895 இல் விவரித்த நிலை இது. உணர்விழந்த அவ்விடத்திலேயே சிலருக்கு அரிப்பும் ஏதோ ஊர்வது போன்ற உணர்வும் எழுகின்றன. தோலிற் குறையேதும் இல்லை. சேதமுற்ற நரம்புப் பாதையே அரிப்பின் பிறப்பிடம். விரல் மூக்கின் ஓரத்தை நாடுகின்றது. சொறிந்த இடம் புண்ணாகின்றது. நோவாமையாற் புண் ஆழமாகின்றது. மூக்கின் ஓரச்சதை அழிந்துபோதலும் உண்டு.

இதனைத் தானே தேடிக்கொண்ட கேடு என்று கூறல் நியாயமாகுமா?

பிளேற்றோவின் 'கோர்கியாஸ்' என்னும் உரையாடலில், ஆசைகளை நிறைவேற்றுவதே நல்வாழ்வு என வாதிடும் கல்லிக்கிளீசை நோக்கி, வாழ்நாளெல்லாம் அரிப்பெடுத்துச் சொறிந்துகொண்டிருப்பவனும் இன்பமாக வாழ்பவனா எனச் சோக்கிரட்டீஸ் வினவுகின்றார். அங்கே சொறிபவன் இன்பத்தை நாடுபவன். நாம் கூறும் நோயாளியோ துன்பத்தினின்று ஒரு கணம் விடுபட விழைபவன். கட்டாயத்தால் நிகழும் செயலின் தொடக்கம் செய்வோனுக்குப் புறத்தே உளது என்றார் அரிஸ்ரோட்டில். இங்கே தொடக்கம் அவனுடலுள்ளேயே உளது. ஆயினும் அதனை அவன் தெரிந்தெடுக்கவில்லை. உறக்கத்திலும் கை முகத்தை நாடுமெனின், அதனை அவன் விருப்பம் என்பது எங்ஙனம்?

நாம் சொறிவதை நிறுத்துவது எதனால் என எண்ணிப் பார்த்தல் தகும். தோல் நொந்தவுடன் நம் கை தானே விலகுகின்றது. தன்னடக்கம் என நாம் பெருமைகொள்வதிற் பெரும்பகுதி நோவு என்னும் காவலாளியின் தொண்டேயாம். அக்காவலை இழந்தவனைக் காவலுடையோர் கடிந்துரைப்பது அறமாகாது.

அங்ஙனமாயின் அவனுக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. சொறியும் கணத்துக்கு முந்திய தெளிந்த வேளையில் அது உளது. நகங்களைக் குறுக வெட்டுதல், புண்ணை மூடிக் கட்டுதல், இரவிற் கையுறை அணிதல், மருத்துவர் தரும் மருந்தை உட்கொள்ளல் என்பன அவன் செய்யத்தக்கவை. ஆனால், நோயின் காரணத்தை அறியாதவன் இவற்றை எங்ஙனம் செய்வான்? இப்புண்ணைப் புற்றுநோயென்றோ கிருமித்தொற்றென்றோ மயங்குதலும் நிகழ்கின்றது. ஆகவே, காரணத்தைக் கண்டறிந்து உரைக்கும் மருத்துவருக்கும், இரவிற் கையுறையை அணிவித்துவிடும் உறவினருக்கும் அப்பொறுப்பிற் பங்குண்டு. அப்பங்கினை நிறைவேற்றாதார் அவன் கையைப் பழித்தற்கு உரிமையற்றவராவர்.