பதினேழு சேக்கல் நிலம்

எரேமியா 29:11 இல்லாத கிறிஸ்தவ வீட்டைக் காண்பது அபூர்வம். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது அந்த வசனம் கையில் வந்துவிட்டால் வருஷம் நல்லபடியாகப் போகும் என்று நம்புகிறவர்கள் ஜொகூரில் எங்கள் ஊரான பண்டார் தெங்காராவிலும் உண்டு. கடவுள் நமக்கு நல்லதே நினைக்கிறார் என்பதுதானே அதன் சாரம், யாருக்குத்தான் பிடிக்காது? முந்தின வசனத்தை மட்டும் யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. அதில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. அதைக் காதால் கேட்ட பெரியவர்களில் அநேகர் அந்த நல்ல முடிவைக் கண்ணால் பார்க்கப்போவதில்லை.

அது ஒரு கடிதம். கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமின் ராஜாவையும் பிரபுக்களையும் தச்சர் கொல்லர்களையும் பாபிலோனுக்கு வாரிக்கொண்டு போனான். இன்றைக்கோ நாளைக்கோ திரும்பிவிடலாம் என்று மூட்டையை அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எரேமியா எழுதினார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதில் விளைவதைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைபிடித்த ஊர் நன்றாக இருக்க ஜெபியுங்கள். ஏறக்குறைய அதே காலத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் நின்று, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்றான். எரேமியா உடனே அவனோடு சண்டைக்குப் போகவில்லை. முதலில் ஆமென் என்றார். அவருக்கும் அதுதான் ஆசை. ஆனால் ஆசைப்பட்டதை எல்லாம் ஆண்டவர் சொன்னதாகச் சொல்லும் துணிச்சல் அவருக்கு வரவில்லை. இன்றைய மேடைப் பிரசங்கிகள் பலருக்கு அது தாராளமாக வருகிறது.

மலாயாத் தோட்டங்களில் அனனியாவின் குரல் வெகுகாலம் கேட்டது. நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊருக்குப் போய்விடலாம் என்று லயத்து வீட்டில் சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறை கிழடானது. பிறப்புப் பத்திரம் இல்லை, குடியுரிமைக்கு மனு இல்லை. குற்றம் அவர்கள்மேல் மட்டும் இல்லை. விண்ணப்பப் படிவத்தை எங்கே வாங்குவது என்று சொல்லக்கூட ஆளில்லாத இடங்கள் அவை. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்றானபோது பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். பாதிப் பேருக்காவது அங்கே போய் இறங்க ஒரு வீடு இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

அதற்கு முன்பே வேறொரு குரலும் கேட்டிருந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு மறுபடி விற்க, வேலையும் லயமும் ஒருசேரப் போய்க்கொண்டிருந்த நேரம். தோட்டத் துண்டாடல் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. தோட்டத் தொழிலாளி மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகப் போய் ஆள் சேர்த்தார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் கைக்கு வந்தது. சம்பந்தன் கிறிஸ்தவர் அல்லர், எரேமியாவை வாசித்திருந்தாரா என்ற கேள்விக்கும் இங்கே இடமில்லை. ஆனால் எரேமியா 32ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பத்து வெள்ளிதான் நினைவுக்கு வருகிறது.

அந்த அதிகாரத்தில் எருசலேமைச் சுற்றிப் பாபிலோன் படை. எரேமியா காவற்சாலை முற்றத்தில் கைதி. பெரிய தகப்பன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கும் என் நிலத்தை நீ வாங்கிக்கொள் என்கிறான். ஆனதோத் எருசலேமுக்கு வடக்கே கூப்பிடு தூரம். நாட்டையே எதிரி வளைத்திருக்கும்போது அந்த நிலத்தை வைத்து என்ன செய்வது? சாமர்த்தியக்காரன்தான் அனாமெயேல். எரேமியா தராசைக் கொண்டுவரச் சொல்லிப் பதினேழு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுக்கிறார். ஏறக்குறைய 200 கிராம். சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். பத்திரம் இரண்டு: முத்திரை போட்டது ஒன்று, திறந்தது ஒன்று. நெடுநாள் கெடாமல் இருக்க இரண்டையும் மண்பானையில் வைக்கும்படி தம் எழுத்தர் பாருக்கிடம் சொல்கிறார். எல்லாம் முடிந்த பிறகுதான் ஜெபம்: ஆண்டவரே, ஊரே விழப்போகிறது, என்னை ஏன் நிலம் வாங்க வைத்தீர்? விளங்கிய பிறகு கீழ்ப்படிவது நம் வழக்கம். இந்த மனிதர் பணத்தைக் கொடுத்துவிட்டு விளக்கம் கேட்கிறார்.

அந்த நிலத்தில் அவர் ஒரு படி கோதுமைகூட விளைவிக்கவில்லை. கடைசியில் விருப்பமில்லாமலே எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போகப்பட்டார். கடிதம் போன இடத்தில் காரியம் நடந்தது. பாபிலோனியாவில் யூதர் குடியிருந்த கிராமங்களின் களிமண் ஏடுகள் கிடைத்திருக்கின்றன. மிகப் பழையது கி.மு. 572ஆம் ஆண்டைச் சேர்ந்தது. குத்தகை, வரி, கடன், பேரீச்சந்தோப்பு என்று வீட்டுக் கணக்கு விவகாரங்கள்தான்.

ஊரின் நன்மைக்கு ஜெபியுங்கள் என்பதை வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்று புரிந்துகொள்ளும் பழக்கம் நம் சபைகளில் இருக்கிறது. இதே எரேமியாதான் யோயாக்கீம் ராஜாவின் வீட்டு வாசலில் நின்று, கேதுருப் பலகை அடித்துச் சிவப்பு வர்ணம் பூசிய மாளிகையைக் கட்டிவிட்டு வேலைக்காரனுக்குக் கூலி கொடுக்காமல் விட்டாயே என்று கேட்டவர். உன் அப்பா யோசியா ஏழைக்கு நியாயம் செய்தார், என்னை அறிவது என்பதே அதுதான் என்று ஆண்டவர் சொல்வதாகவும் சொன்னார். பாபிலோனுக்காக ஜெபிக்கச் சொன்ன அதே கை, பாபிலோன் மூழ்கும் என்று எழுதி அந்தச் சுருளைக் கல்லில் கட்டி ஐபிராத்து நதியில் போடச் சொல்லியும் அனுப்பியது.

எங்கள் ஊரே காட்டை அழித்து உண்டானதுதான். 1972இல் அமைந்த கெஜோரா வாரியம் தென்கிழக்கு ஜொகூரில் செம்பனையும் புது நகரங்களுமாகத் திட்டம் போட்டது. இன்று இங்கே குலை வெட்டி, உதிரிப்பழம் பொறுக்குகிறவர்கள் பெரும்பாலும் எங்கள் ஆட்கள் அல்லர். வங்காளதேசத்துக்காரர்கள், நேபாளிகள், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். புளோரஸ் தீவுக் கத்தோலிக்கர்களும் அவர்களில் உண்டு. எங்கள் பிள்ளைகள் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். ஆக, எரேமியா கடிதத்தில் நமக்குரிய இடம் மாறிவிட்டது. இப்போது நாம்தான் அந்தப் பட்டணம். ஞாயிறு மத்தியானம் கடைவீதியில் போன் ரீலோட் வாங்கிக்கொண்டு ஓரமாக நிற்கிறவனுடைய கடவுச்சீட்டு யாரிடம் இருக்கிறது, போன மாதச் சம்பளம் வந்ததா என்று கேட்க நமக்கு வாய் வருகிறதா? வேலைக்காரனின் கடவுச்சீட்டை முதலாளி பிடித்துவைப்பது இந்த நாட்டுச் சட்டத்தில் குற்றம். சபையில் இதைப் பேசினால், நமக்கெதற்கு வம்பு பிரதர் என்பார்கள்.

எரேமியாவின் கடிதத்துக்கும் அப்படி ஒரு பதில் வந்தது. பாபிலோனிலிருந்த செமாயா என்பவன், இந்த ஆளை இன்னும் தொழுமரத்தில் மாட்டாமல் ஏன் விட்டுவைத்திருக்கிறீர்கள் என்று எருசலேம் ஆசாரியன் செப்பனியாவுக்கு எழுதினான். செப்பனியா அந்தப் புகார்க் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் எரேமியாவிடமே வாசித்துக் காட்டினான்.