நிற்பதுதான் மரியாதையா?

அண்ணா சாலையின் அழகை வியந்து எழுதுவோர் பலர். சிசோம் வரைந்து தர, 1870களில் எழுந்த பி.ஆர். அண்ட் சன்ஸ் கடிகாரக் கடை! போக்சன் கைவண்ணத்தில் 1890களில் செங்கல்லும் வளைவுமாக உயர்ந்த ஸ்பென்சர் அங்காடி! 1904இல் கட்டப்பெற்று இன்றும் வெண்ணிற முகப்போடு விளங்கும் ஹிக்கின்பாதம்ஸ் புத்தகசாலை! 1959இல் திறக்கப்பட்டு, 'பதினான்கு மாடி' என்று ஊரார் அண்ணாந்து பார்த்த எல்.ஐ.சி. மாளிகை! 1980களில் ஸ்பென்சர் அங்காடி தீக்கிரையானதும், அதே இடத்தில் 1991இல் புதிய வணிக வளாகம் எழுந்ததும் அவ்வரலாற்றின் அடுத்த ஏடுகள். மவுண்ட் ரோடாக இருந்த நாள்தொட்டு இந்நாள்வரை, வரைந்தவர் பெயர் உண்டு. உடைமையாளர் பெயர் உண்டு. தூணுக்கும் கதவுக்கும்கூடக் குறிப்பு உண்டு.

நாமும் வியக்கிறோம். வியந்த பின்னர் ஒன்று கேட்கிறோம்: இத்தகைய மாளிகைகளில் பொருள் வாங்க வந்தவர் அமர்ந்தார், விற்க நின்றவர் எங்கே அமர்ந்தார்?

திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்திலே காரும் கைப்பேசியும் செய்து குவிக்கும் ஆலைகளில் உழைக்கும் பெண்ணொருத்தி, விடுமுறை நாளில் இச்சாலைக்கு வருகிறாள் என்று கொள்வோம். தன் போன்றோர் கைபட்டு உருவான கைப்பேசி கண்ணாடிப் பேழைக்குள் ஒளிர்கிறது. பேழைக்குப் பின்னே, அவள் வயதே உடைய மற்றொருத்தி காலை முதல் நிற்கிறாள். இருவரும் உழைப்பாளிகள். ஆனால் சட்டம் இருவரையும் ஒன்றாகக் கருதிற்றா? இல்லை! நின்று வேலை செய்வோர்க்கு, ஓய்வு வாய்க்கும்போது அமர இருக்கை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 44ஆம் பிரிவிலே கூறிற்று. (ஆலைக்குள் அது எவ்வளவு நிறைவேறிற்று என்பது தனி வழக்கு, அதையும் ஒருநாள் பேசத்தான் வேண்டும்.) கடையில் நிற்பவளுக்கோ, 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் தமிழ்நாடு 2021இல் திருத்திய பிறகே அந்த உரிமை எழுத்தில் ஏறிற்று. இடையிலே 73 ஆண்டுகள்! கேரளம் நமக்கு மூன்றாண்டு முன்னதாக, 2018இல், இதைச் செய்தது.

ஏன் இத்தனை தாமதம்? நாற்காலிக்குப் பஞ்சமா? அல்ல. "வாடிக்கையாளர் வரும்போது உட்கார்ந்திருப்பது மரியாதை ஆகாது" என்பதே கடைக்காரர் வாதம். துணியை அளக்க, உயரத்திலிருந்து பெட்டியை எடுக்க, நிற்கத்தான் வேண்டும், மறுப்பாரில்லை. வாங்குவோர் ஒருவரும் இல்லாத வேளையிலும் நிற்கச் சொல்வது எந்த வேலைக்காக? அது வேலையன்று, சடங்கு! பண்ணையார் திண்ணையில் சாய்ந்திருக்க, உழுதவன் துண்டை இடுப்பில் கட்டி முற்றத்தில் நின்றானே, அந்தச் சடங்கு! 1925இல் தோன்றிய சுயமரியாதை இயக்கம் அவன் தோளிலே துண்டைப் போடச் சொன்னது. திண்ணை இடிந்தது, பளிங்குத் தரை வந்தது. நிற்கும் வழக்கமோ சீருடை அணிந்து கடைக்குள் புகுந்துவிட்டது.

சட்டம் வந்துவிட்டதே, இனி என்ன என்பாருண்டு. அவர்கள் ஒரு கடையினுள் சென்று, விற்பனை மேசைக்கும் பின்னாலுள்ள அலமாரிக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்கட்டும். முக்காலி போட்டால் அடுத்தவர் நடக்க வழியில்லாதபடி ஒடுக்கிக் கட்டியிருந்தால், சட்டம் தந்த இருக்கையைப் பரணிலா போடுவது? கட்டடம் வரையும்போதே, "இங்கே உழைப்பவர் அமரத் தேவையில்லை" என்ற தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது. வரைபவர் அதை அறியாமலே எழுதுகிறார் என்பது நம் எண்ணம். அவருக்குச் சொல்லப்பட்டதெல்லாம் சரக்கு எவ்வளவு அடுக்கலாம் என்பதுதானே!

அண்ணா சாலையின் கட்டடங்களை அளந்து வரலாறு எழுதப் புறப்படும் அறிஞர்கள், வளைவின் அகலத்தைக் குறித்த கையோடு, மேசைக்குப் பின்னுள்ள அந்த இடைவெளியையும் அளந்து எழுதட்டும்.